சுவருக்குச் சாரன் கட்டிய கதை

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமாவின் கூத்துப் பதிவை ஒன்றே முக்கால் மணித்தியாலம் இடைவிடாமல் கேட்டேன். அம்மா அடுப்படியில்தான் இருந்தா. "மனே, அதக் கொஞ்சம் குறை" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வீட்டுப் பாட்டுச் செற்றின் காது குத்தும் சத்தத்தை அடக்க ஏறக்குறைய ஒரு வருடமாகப் பார்த்த வேலை ஒரு வழிக்கு வந்துவிட்டது என்று அப்போதுதான் நம்பினேன். மறக்குமுன் எழுதி வைக்கிறேன், பிழைவிட்ட இடங்களையும் சேர்த்து.

வீடு மட்டக்களப்பு கல்லடியில், கடற்கரைக்கு நடந்துபோகும் தூரம். சுனாமிக்கு முன் இதே வளவில் இருந்தது ஓட்டு வீடு. இப்போதிருப்பது கொங்கிறீட் தட்டுப் போட்டது. பாட்டுக் கேட்கும் ஹோல் 18 அடி நீளம், 12 அடி அகலம். நிலம் முழுக்க டைல்ஸ், பூசி மினுக்கிய சுவர், இடது பக்கம் கண்ணாடித் தகடு அடுக்கிய யன்னல் இரண்டு. கூட்டித் துடைக்கச் சுகமான அறை.

செற்றும் பெரிய விலையில்லை. தொண்ணூறுகளில் செய்த ஜப்பான் அம்ப் (அம்ப்ளிஃபயர்) ஒன்று, பாவித்த சாமான் கடையில் வாங்கியது. ஸ்பீக்கர் சோடி பெரியப்பா கட்டாரிலிருந்து வரும்போது கொண்டுவந்தது: கீழ்ச்சுரத்துக்கு ஆறரை இஞ்சி வூஃபர், மேல்சுரத்துக்கு ஒரு இஞ்சி அலுமினிய டோம் ட்வீட்டர், எட்டு ஓம். பாட்டெல்லாம் மடிக்கணினியில். அங்கிருந்து, டிஜிட்டலை ஒலிச் சமிக்ஞையாக்கும் ஒரு சின்ன யூஎஸ்பி டாக் வழியாக அம்ப்புக்குப் போகும்.

மாமா வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அண்ணாவியார், கூத்துப் பழக்கி ஆடவைப்பவர். அவருடைய வடமோடிக் கூத்தொன்றை, அது ஆடும் வட்ட மேடையான வட்டக்களரிக்குப் பக்கத்தில் நின்று நானே பதிந்து வைத்திருக்கிறேன், 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட். ஆகவே சல்லரி என்னும் கைத்தாளம் நேரில் எப்படிக் கேட்டது என்று எனக்குத் தெரியும். முட்டும்போது சுள்ளென்று கிளம்பி ஒரு சின்ன இழுவையோடு அடங்கும். வீட்டில் போட்டால் கண்ணாடிக் கிளாஸ் டைல்ஸில் விழுந்து சிதறுகிற சத்தம். பெண் குரல்களில் 'ச'வும் 'ஸ'வும் வரும் இடமெல்லாம் பிளேட்டால் கீறுகிற மாதிரி. நாதஸ்வரம் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரை மணித்தியாலம் கேட்டால் காதுக்குப் பின்னால் ஒரு களைப்பு வந்து உட்காரும், அதோடு செற்றை நிறுத்திவிடுவேன்.

முதல் செய்த காரியம் சரியானதுதான். ஹெட்ஃபோனை டாக்கில் குத்தி அதே பதிவைக் கேட்டேன். சல்லரி சல்லரியாகவே கேட்டது. பதிவும் டாக்கும் தப்பின. ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவு பிழை: "அப்ப அம்ப்தான் பழுது." அந்த அம்ப்பின் முகத்திலேயே ஹெட்ஃபோன் ஓட்டை இருக்கிறது. அதிலும் ஒருதரம் குத்திக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் அம்ப்பும் தப்பியிருக்கும், எனக்கும் இரண்டு கிழமை மிச்சமாகியிருக்கும். கேட்கவில்லை. திருப்புளியை எடுத்தேன்.

உப்புக்காற்று ஊர் என்பதால் உள்ளே பச்சை பிடித்திருக்கும் என்று எதிர்பார்த்தேன், பிடித்துத்தான் இருந்தது. வயரைக் கழற்றி, பெரிய கப்பாசிற்றர் இரண்டையும் 1 கிலோ ஓம் 5 வோட் ரெசிஸ்டரால் ஒவ்வொரு நிமிடம் இறக்கி, மீட்டரில் பூச்சியம் பார்த்த பிறகுதான் கை வைத்தேன். கரண்ட் கழற்றியிருக்கிறதுதானே என்று இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது, அந்தக் கப்பாசிற்றருக்கு அது தெரியாது. சத்தக் குமிழ், செலக்டர் இரண்டுக்கும் கொன்டாக்ட் கிளீனர் அடித்தேன். ஸ்பீக்கர் ரிலேயின் மூடியைத் திறந்து, தடித்த வெள்ளைக் கடதாசியில் கிளீனரை நனைத்து, தொடுமுனைகளுக்கு நடுவில் விட்டு இழுத்தேன். கடதாசி கறுப்பாக வந்தது. பலன்: இடது பக்கம் அடிக்கடி வந்த கரகரப்பு போயிற்று. குத்தல் அப்படியே இருந்தது. கிளீனர் ஒரு டின் 2,800 ரூபாய்.

அடுத்தது கிறொஸ்ஓவர், கீழ்ச்சுரத்தை வூஃபருக்கும் மேல்சுரத்தை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சர்க்கியூட். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் நல்லது செய்கிறேன் என்று நினைத்துச் செய்த கெட்ட வேலை இதுதான்.

ஸ்பீக்கரின் வூஃபரைக் கழற்றிக் கையை உள்ளே விட்டால், பின் தகட்டில் ஒரு சின்னச் சர்க்கியூட் பலகை. ட்வீட்டருக்குப் போகும் வழியில் 4.7 மைக்ரோ ஃபாரட் இரு துருவ எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிற்றர் ஒன்றும், குறுக்கே ஒரு சுருளும். கப்பாசிற்றரின் ஒரு காலைத் தூக்கி மீட்டரில் அளந்தால் ஒன்று 5.3, மற்றது 5.1. "கிழடு தட்டிவிட்டது, இதுதான் குத்தலுக்குக் காரணம்" என்று தீர்ப்பெழுதினேன். கொழும்பிலிருந்து இரண்டு பொலிபுறொப்பிலீன் ஃபிலிம் கப்பாசிற்றர் எடுப்பித்தேன், ஒன்று 650 ரூபாய். பழையதைவிட நாலு மடங்கு பருமன், பலகையில் இடமில்லை. பெட்டியின் உள்சுவரில் சூட்டுப் பசை வைத்து ஒட்டி, கேபிள் டையாலும் கட்டி, கால்களுக்கு வயர் நீட்டி ஈயம் பற்றவைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது.

பின்னேரம் போட்டேன். முன்பு குத்தியது ஊசி என்றால் இப்போது ஆணி. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தா. "திருத்துறன் எண்டு சொல்லிப்போட்டு இன்னும் கூட்டி வச்சிருக்காய்" என்றா. ஒரு கிழமை ஓடவிட்டால் பழகிவரும் என்று எங்கோ படித்ததை நம்பி ஒரு கிழமை ஓடவிட்டேன். கப்பாசிற்றர் பழகவில்லை, என் காதும் பழகவில்லை.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. ரேடியோ திருத்தும் அண்ணன் ஒருவரிடம், கப்பாசிற்றரின் உள்தடையை அளக்கும் ஈஎஸ்ஆர் மீட்டர் இருந்தது. பழைய கப்பாசிற்றரை அதில் வைத்தார்: 1.4 ஓம். புதியதை வைத்தார்: 0.0. அதாவது பழையதுக்குள்ளேயே ஒன்றரை ஓம் அளவுக்கு ஒரு ரெசிஸ்டர் ஒளிந்திருந்தது. அது தன்பாட்டில் ட்வீட்டரைக் கொஞ்சம் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். பழைய எலெக்ட்ரோலிட்டிக் கிழடு தட்டினால் மேல்சுரம் மங்கும், அதிகமாகாது. இதை ஒரு நிமிடம் யோசித்திருந்தால் கொழும்புக்குக் காசு அனுப்பியிருக்க மாட்டேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

ட்வீட்டரே கிழிந்திருக்குமோ என்றும் ஒரு சந்தேகம் இருந்தது. எங்கள் ஊரில் மீன் பாடுவதைக் கேட்க நிலா இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைப்பார்கள். நான் அரை இஞ்சி பீவீசி குழாயில் இரண்டடி வெட்டி, சத்தத்தை நன்றாகக் குறைத்து, ட்வீட்டர் முன்னால் ஒரு முனையை வைத்துக் கேட்டேன். இடதும் வலதும் ஒரே மாதிரி, கரகரப்பில்லை, இரைச்சலில்லை. ட்வீட்டர் சுகமாகத்தான் இருந்தது.

சரி, பெட்டியில் இல்லையென்றால் அறையில் இருக்க வேண்டும். ஹோலின் நடுவில் நின்று கையைத் தட்டினேன். "டிர்ர்ர்" என்று ஒரு நடுக்கம் சுவருக்கும் சுவருக்கும் ஓடித் திரிந்தது. இத்தனை நாள் அதே ஹோலில் சாப்பிட்டு, படுத்து, கதைத்திருக்கிறேன், அது காதில் விழவில்லை. அடுத்த நாளே கோழிக்கடையில் முப்பது முட்டைத் தட்டு சும்மா வாங்கிவந்து சுவரில் ஒட்டினேன். பக்கத்தில் இரண்டு பன்பாயும் தொங்கவிட்டேன், பாய் இரண்டும் 1,800 ரூபாய். கைதட்டினால் நடுக்கத்தின் நுனி மட்டும் மழுங்கியிருந்தது. குத்தல் குறையவில்லை. முட்டைத் தட்டு மெல்லிய கடதாசி, பாய் அதைவிட மெல்லியது. உறிஞ்சுவதற்கு அவற்றில் தடிப்பே இல்லை. மூன்றாம் நாள் தட்டுக்குப் பின்னால் பல்லி குடிவந்தது, ஐந்தாம் நாள் கரப்பான். அம்மா விளக்குமாற்றோடு வந்து அந்த ஆராய்ச்சியை முடித்துவைத்தா.

திருப்பம் சித்திரை வருடப்பிறப்புக்குப் பெயின்ற் அடிக்கும்போது தற்செயலாக வந்தது. ஹோலில் இருந்த எல்லாவற்றையும் வளவுக்குள் இறக்கினோம். செற்றும் ஸ்பீக்கரும் மாமரத்துக்குக் கீழே, இரண்டு பிளாஸ்டிக் கதிரையில். பெயின்ற் அடிக்கிற தம்பிமார் பாட்டுக் கேட்டார்கள். விறாந்தையிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்துப் போட்டேன். அவர்கள் கேட்ட பாட்டு முடிந்ததும் சும்மா பார்ப்போமே என்று கூத்தைப் போட்டேன்.

சல்லரி உலோகமாகிவிட்டது. நின்ற இடத்திலேயே நின்றேன். அதே அம்ப், அதே வயர், நான் கெடுத்து வைத்த அதே கப்பாசிற்றர். சுவர் மட்டும் இல்லை. குத்தலில் பாதிக்கு மேல் போய்விட்டது. பாதி என்பது முக்கியம்: 'ஸ'வில் கீறல் இன்னும் இருந்தது, வெட்டவெளியிலும் இருந்தது. ஆக ஒரு பங்கு அறையினுடையது, ஒரு பங்கு ஸ்பீக்கரினுடையது. மூன்று மாதமாகத் தெரியாத கணக்கை அந்த மாமரத்தடி ஒரு பாட்டில் பிரித்துத் தந்தது. பிளாஸ்டிக் கதிரைக்கு நன்றி.

அன்றிலிருந்து அளந்துதான் செய்தேன். அளவுக் கருவி என் கைத்தொலைபேசிதான். எல்லாச் சுரமும் கலந்த இரைச்சலான பிங்க் நொய்ஸ் கோப்பை ஓடவிட்டு, நான் உட்காரும் கதிரையில் காது வரும் உயரத்தில் தொலைபேசியை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அலைவரிசை காட்டும் இலவசச் செயலியில் அரை நிமிடச் சராசரி எடுப்பேன். தொலைபேசி மைக் துல்லியமானதல்ல. ஆனால் அதே மைக், அதே இடம், அதே சத்தம் என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். பெயின்ற் காய்ந்து எல்லாம் உள்ளே வந்ததும் எடுத்த முதல் அளவில், 3 முதல் 6 கிலோ ஹெர்ட்ஸ் வரை ஒரு மேடு, 1 கிலோ ஹெர்ட்ஸைவிட ஆறு ஏழு டெசிபெல் உயரம். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடமும் அதை அண்டித்தான் இருக்கிறது. அம்மாவின் காதில் பிழையில்லை.

காசில்லாத வேலைகளை முதலில் செய்தேன். ஸ்பீக்கர் இரண்டும் சுவரோடு ஒட்டி எட்டு இஞ்சியில் இருந்தன, இரண்டடி முன்னுக்கு இழுத்தேன். அலுமாரித் தட்டிலிருந்து இறக்கி, சீமெந்துக் கல் அடுக்கி, மேலே பழைய சைக்கிள் ரியூப் துண்டு போட்டு, ட்வீட்டர் என் காது மட்டத்துக்கு வரும்படி வைத்தேன். எனக்கு அது நிலத்திலிருந்து 37 இஞ்சி. பிறகு திருப்பம். இவ்வளவு நாளும் இரண்டு ட்வீட்டரும் நேரே என் மூக்கைப் பார்த்தபடி இருந்தன. வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அவற்றின் கோடு என் தோளுக்கு ஒரு முழம் வெளியே போகும்படி விட்டேன். இந்தத் திருப்பம் மட்டுமே 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே ஏறக்குறைய இரண்டு டெசிபெல் இறக்கிற்று. செலவு பூச்சியம். கொன்டாக்ட் கிளீனர் டின் அலுமாரியில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்தது, சத்தத்தை உறிஞ்சும் தகடு அடைத்த பலகைச் சட்டங்கள். சுவரில் அவை எங்கே வேண்டும் என்பதைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நான் கதிரையில் இருக்க, அக்காவின் மகன் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டு போவான். கண்ணாடியில் எந்த இடத்தில் ட்வீட்டர் தெரிகிறதோ, அந்த இடத்தில் பட்டுத்தான் சத்தம் என் காதுக்கு வருகிறது. பென்சிலால் ஒரு குறி. வலது சுவரில் குறி விழுந்த இடம் வெறும் சுவர். இடது பக்கம் குறி நேரே கண்ணாடித் தகட்டு யன்னலில் விழுந்தது. இடது ஸ்பீக்கர் எப்போதும் ஒரு பங்கு கூடக் கீறுகிறதே என்று இருந்த சந்தேகத்துக்கு அங்கே பதில் கிடைத்தது. யன்னலை மூட முடியாது, பின்னேரக் கடற்காற்று அதால்தான் வரும். ஆகவே இடது பக்கத்துக்குச் சுவரில் மாட்டாமல் கால்வைத்த சட்டம், பாட்டுக் கேட்கும்போது மட்டும் இழுத்து வைப்பது.

உள்ளே அடைக்க என்ன? கல்லை உருக்கி நூலாக்கிச் செய்த ராக்வூல் தகடு கல்முனையில் குளிர் அறை கட்டிக்கொடுக்கும் ஒருவரிடம் கிடைத்தது: நாலடிக்கு இரண்டடி, இரண்டு இஞ்சித் தடிப்பு, ஒன்று 2,400 ரூபாய். இரண்டு வாங்கக் காசிருந்தது. நாலு தேவைப்பட்டது. மற்ற இரண்டுக்கும் தும்பு மெத்தைக்குப் போடும் தும்புத் தகடு வாங்கினேன், இரண்டும் சேர்த்து 3,200. ராக்வூல் வெட்டும்போது முகக்கவசம், கையுறை, நீளக்கைச் சட்டை மூன்றும் வேண்டும். நான் நீளக்கைச் சட்டை போடவில்லை. இரண்டு நாள் முழங்கை சொறிந்தேன்.

சட்டத்துக்கு டைல்ஸ் இறக்கும் பலட்டில் வரும் பைன் பலகை, ஹார்ட்வெயார் கடையில் 1,500 ரூபாய்க்கு ஒரு கட்டு. காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த ஓடாவி (தச்சர்) நானா ஒருவரிடம் கொண்டுபோனேன். அளவைப் பார்த்துவிட்டு, "தம்பி, படமும் இல்ல, கண்ணாடியும் இல்ல, என்னத்துக்கு இந்தச் சட்டம்?" என்றார். "சத்தம் குடிக்க, நானா" என்றேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னை ஒருதரம் பார்த்தார். ஆனால் வேலை சுத்தம். பலகை நாலு இஞ்சி அகலம். தகடு முன்பக்கம் இரண்டு இஞ்சியை நிரப்பும்படியும், பின்னால் இரண்டு இஞ்சி வெறுமையாகச் சுவருக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கும்படியும் உள்ளே குறுக்குச் சலாகை அடித்துத் தந்தார். அந்த வெறும் இடம் சும்மா இல்லை. அதனால் அதே தகடு இன்னும் கீழ்ச்சுரம் வரைக்கும் வேலை செய்யும், பொருளுக்குக் காசு கொடுக்காமல். நாலு சட்டத்துக்கும் கூலி 3,000.

மூடும் துணிக்கு ஒரு சோதனை: துணியை வாயில் வைத்து ஊத வேண்டும். மூச்சு தாராளமாகப் போனால் சத்தமும் போகும். கடையில் காட்டிய திரைத்துணி எல்லாம் நெருக்கமான பொலியெஸ்டர், பலூன் ஊதுகிற மாதிரி. மருதமுனைக் கைத்தறிச் சாரனை (லுங்கியை) ஊதிப் பார்த்தேன். சுகமாகப் போனது. கட்டம் போட்டது, ஒன்று 1,400 வீதம் நாலு. ஸ்டேப்ளர் துப்பாக்கியால் பின்பக்கம் இழுத்து அடித்தேன். கட்டம் போட்ட துணி என்பதால் கோணலாக இழுத்தால் உடனே தெரிந்துவிடும், முதலாவது சட்டத்தைக் கழற்றித் திரும்ப அடித்தேன். மாட்டி முடிந்ததும் அம்மா, "சுவருக்குச் சாரன் கட்டியிரிக்கான்" என்று சொல்லிச் சிரித்தா. அடுத்த வீட்டு மாமியும் வந்து பார்த்துவிட்டுப் போனா.

இரண்டு ராக்வூல் சட்டமும் குறி விழுந்த பக்கங்களுக்கு. தும்புச் சட்டம் இரண்டும் என் கதிரைக்குப் பின் சுவரில். நிலத்துக்கு ஆறடிக்கு நாலடிக் கம்பளம் ஒன்று, 6,500 ரூபாய், முழுச் செலவிலும் பெரியது அதுதான். கைதட்டினால் "டப்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நடுக்கம் போயிற்று. முந்தியும் பிந்தியும் பதிந்த கைதட்டலை ஒடாசிட்டி என்னும் ஒலிச் செயலியில் வைத்துப் பார்த்தேன், வால் பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. தொலைபேசி அளவில் மேடு மூன்று நாலு டெசிபெலுக்கு வந்தது. நாதஸ்வரத்தை முதன்முறை ஒரு மணித்தியாலம் கேட்டேன்.

மிச்சம் ஸ்பீக்கரின் பங்கு. இதற்குத் திரும்பக் கிறொஸ்ஓவரில் கை வைக்க வேண்டும், ஆனால் இந்த முறை கப்பாசிற்றரைத் தொடவில்லை. ட்வீட்டருக்குத் தொடராக ஒரு ரெசிஸ்டர், குறுக்கே ஒன்று. இரண்டும் கிறொஸ்ஓவருக்குப் பிறகு, ட்வீட்டருக்குச் சற்று முன்னால். தொடராக ஒன்றை மட்டும் போட்டால் கிறொஸ்ஓவருக்குத் தெரியும் சுமை மாறிவிடும். இரண்டும் சேர்ந்தால் அது எட்டு ஓமை ஒட்டியே நிற்கும். மூன்று சோடி வாங்கினேன்: 1.5 ஓமும் 33 ஓமும், 1.8 டெசிபெல் இறக்கும், 2.2 ஓமும் 22 ஓமும், 2.8 இறக்கும், 3.3 ஓமும் 15 ஓமும், 4.3 இறக்கும். எல்லாம் 10 வோட் சீமெந்து ரெசிஸ்டர், ஒன்று 70 ரூபாய், இரண்டு ஸ்பீக்கருக்கும் பன்னிரண்டு.

இந்த முறை ஈயம் பற்றவைக்க அவசரப்படவில்லை. ட்வீட்டர் வயரை வூஃபர் ஓட்டையால் வெளியே எடுத்து, முதலைக் கிளிப்பில் மாட்டி மாட்டிக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள். 1.8 போதவில்லை. 4.3 முதல் நாள் தேனாக இருந்தது, இரண்டாம் நாள் சல்லரி சாக்குக்குள் இருந்து கேட்டது, மூன்றாம் நாள் கூத்தர் காலில் கட்டிய சதங்கையைக் காணவில்லை. 2.8இல் சதங்கையும் இருந்தது, 'ஸ'வும் கீறவில்லை. அதையே நிரந்தரமாகப் பற்றவைத்தேன்.

பற்றவைத்துப் போட்டால் பாடகியின் குரல் நடுவில் நிற்காமல் இடது பக்கம் சாய்ந்து கரைந்தது. ஒரு மணித்தியாலம் ரெசிஸ்டரையே சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் வலது ட்வீட்டரின் நேரும் மறையும் மாறிப் போயிருந்தது. கழற்றுமுன் சிவப்பு வயரில் ஒரு முடிச்சுப் போட்டிருக்கலாம், அல்லது கைத்தொலைபேசியில் ஒரு படம். இரண்டும் செய்யவில்லை.

இப்போதைய அளவில் அந்த மேடு ஒரு டெசிபெல், ஒன்றரை டெசிபெல். தொலைபேசி மைக்கில் அதற்குக் கீழே பார்ப்பதில் அர்த்தமில்லை.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். பயன்பட்டது: ராக்வூல் 4,800, தும்பு 3,200, பலகை 1,500, கூலி 3,000, சாரன் 5,600, கம்பளம் 6,500, ரெசிஸ்டர் 840, முகக்கவசமும் கையுறையும் 450. மொத்தம் 25,890. வீணானது: கிளீனர், ஃபிலிம் கப்பாசிற்றர், பன்பாய், 5,900. கிளீனரை முழுக்க வீண் என்று சொல்ல முடியாது, கரகரப்பு போனதே. பன்பாய் இரண்டிலும் அம்மா இப்போது மிளகாய் காயப்போடுகிறா.

ஒன்று நான் எதிர்பார்க்காதது மழையில் தெரிந்தது. கார்த்திகை மார்கழி அடைமழையில் பின்சுவரில் இருந்த தும்புச் சட்டம் இரண்டிலும் பூஞ்சண நாற்றம். கழற்றிப் பார்த்தால் சாரனின் உட்பக்கம் கறுப்புப் புள்ளி. ராக்வூல் சட்டங்களில் ஒன்றுமில்லை. பின்சுவர் வெளிப்பக்கம் மழைச்சாரல் நேரே அடிக்கிற சுவர் என்பதும் ஒரு காரணம். தும்பை வெயிலில் காயவைத்துத் திரும்ப வைத்திருக்கிறேன், வருகிற மழைக்கு முன் அதையும் ராக்வூலாக்க வேண்டும். துணியை ஸ்டேப்பிள் அடித்ததும் பிழை, துவைக்கக் கழற்றினால் கிழிகிறது. அடுத்த சட்டத்துக்கு வெல்க்ரோ. கால்வைத்த சட்டத்தின் கால் அகலமும் காணாது, கடற்காற்று உரத்து அடித்த ஒரு நாள் அது குப்புற விழுந்து ஸ்பீக்கரின் மூலையைக் கீறியது. ஒரு முழ அகலமாவது வேண்டும்.

இன்னொரு செற்றைத் திருத்த யாராவது என்னைக் கூப்பிட்டால், முதலில் ஸ்பீக்கரைத் தூக்கி வளவுக்குள் வைப்பேன். அம்ப்பின் ஹெட்ஃபோன் ஓட்டையில் கேட்பேன். திருப்புளி பிறகு.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கதிரையில் இருத்தி அவருடைய கூத்தையே போட்டேன். கண்ணை மூடி, துடையில் தாளம் போட்டுக்கொண்டு ஒரு பாத்திரத்தின் வரவு முழுக்கக் கேட்டார். "சல்லரி சரி மருமகன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மத்தளத்தில தொப்பிப் பக்கத்தக் காணயில்லயே, நான் அடிச்சனான்தானே?" என்றார். தொப்பி மத்தளத்தின் கீழ்ச்சுரப் பக்கம், அது வூஃபரின் வேலை. அவர் போனபிறகு வூஃபரின் முன்வலையைக் கழற்றினேன். வலது பக்க வூஃபரைச் சுற்றியிருக்கும் ஸ்பொஞ்ச் வளையத்தை விரலால் தொட்டதும் பிசினாகக் கையோடு வந்தது, கீழ்ப்பக்கம் இரண்டு இஞ்சிக்குப் பிளந்தும் இருந்தது. இடதும் இளகத் தொடங்கிவிட்டது. உள்விட்டம் வெளிவிட்டம் அளந்து வைத்திருக்கிறேன், இம்முறை ஸ்பொஞ்சில் இல்லை, ரப்பரில் தேடுகிறேன்.